கையில் ஆஸ் ஜோடி, எதிரில் அடித்து ஆடுபவர்: ஆன்லைன் போக்கரில் கணக்கு எங்கே கைவிடுகிறது?

போக்கர் ஆட்டத்தில் முதலில் ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துக் கொடுப்பார்கள். இரண்டும் ஒரே எண்ணாகவோ ஒரே படமாகவோ அமைந்தால் அதற்குப் பெயர் ‘பாக்கெட் பேர்’, அதாவது கைக்குள்ளேயே வந்த ஜோடி. ஆஸ் ஜோடி, ராஜா ஜோடி, ராணி ஜோடி மூன்றும் இதில் உச்சம். ஆஸ் ஜோடி வர வாய்ப்பு 221-ல் 1. இந்த மூன்றில் ஏதோ ஒன்று வர வாய்ப்பு ஏறக்குறைய 74-ல் 1.

இப்படிக் காத்திருந்து வரும் கையில்தான் பலரும் மொத்தமாக மாட்டிக்கொள்கிறார்கள். மோசமான சீட்டு வந்தால் பத்து ரூபாயோடு விலகிவிடலாம். நல்ல சீட்டு வந்தால் விலக மனசு வராது. எதிரில் இருப்பவர் எதற்கெடுத்தாலும் தொகையை ஏற்றி அடித்து ஆடுபவராக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்தது. அதற்கு முன்பே ஐந்து ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் ஓடிக்கொண்டிருந்த கேள்வி, போக்கர் திறமையா அதிர்ஷ்டமா என்பது. இதற்கு விடை தேட சட்டப் புத்தகத்தைவிட இந்த ஜோடிகளின் கணக்கு நன்றாக உதவும்.

ஆட்டம் எப்படி நகரும்?

கையில் இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. முதலில் மூன்று திறப்பார்கள், அது ‘ஃப்ளாப்’. நான்காவது ‘டர்ன்’, ஐந்தாவது ‘ரிவர்’. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. தொகையை ஏற்றலாம், ஈடுகட்டலாம், சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம். கையிலும் நடுவிலுமாக உள்ள ஏழு சீட்டில் சிறந்த ஐந்தைச் சேர்த்தவருக்கு நடுப்பணம் போகும். மற்ற எல்லோரும் ஒதுங்கிவிட்டால் சீட்டைக் காட்டாமலேயே அள்ளிக்கொள்ளலாம். அடித்து ஆடுபவரின் பிழைப்பே இந்தக் கடைசி விதியில்தான். அவருக்கு நல்ல சீட்டு தேவையில்லை, உங்கள் பயம் போதும்.

ஆஸ் ஜோடி எவ்வளவு பலம்? எதிரில் ஒரே ஒருவர், அவர் கையில் எந்தச் சீட்டும் இருக்கலாம் என்றால், ரிவர் வரை போனால் ஜெயிக்க வாய்ப்பு 85%. ராஜா ஜோடிக்கு 82%, ராணிக்கு 80%. ஆனால் எதிரில் இரண்டு பேர் நின்றால் ஆஸ் ஜோடியின் பலம் 73% ஆகிறது. மூன்று பேருக்கு 64%, நான்கு பேருக்கு 56%. ஐந்து பேர் நின்றால் பாதிக்கும் கீழே, 49%.

அதனால் பெரிய ஜோடியை ஒளித்து வைத்து ‘சும்மா பார்ப்போம்’ என்று ஆடுவது கெட்டிக்காரத்தனம் போலத் தெரிந்தாலும் அநேகமாகத் தப்பு. ஃப்ளாப் திறக்கும் முன்பே தொகையை ஏற்றி, கூட்டத்தைக் கலைத்து, ஒருவரோடு தனியாக மோத வேண்டும். அடித்து ஆடுபவர் ஏற்கெனவே ஏற்றியிருந்தால் அதை மூன்று மடங்காக்கலாம். அவர் எப்படியும் ஈடுகட்டுவார். ஒதுங்குவது அவர் சுபாவத்தில் இல்லை.

ஒரு கை, ₹1,000

ஒரு கற்பனை ஆட்டத்தைப் பார்ப்போம். திருவொற்றியூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரண்டாம் ஷிஃப்ட் முடித்து வந்தவர் ஒருவர் ₹5, ₹10 மேசையில் ₹1,000-உடன் உட்காருகிறார். (ஆட்டம் தொடங்க இரண்டு பேர் கட்டாயமாகப் போடும் ₹5-ம் ₹10-ம்தான் ‘பிளைண்ட்’.) எதிராளியிடமும் ₹1,000. எதிராளி ₹30-க்கு ஏற்றுகிறார். நம்ம ஆள் கையில் ராணி ஜோடி. ₹90 ஆக்குகிறார். மற்றவர்கள் ஒதுங்க, எதிராளி ஈடுகட்டுகிறார். நடுப்பணம் ₹195.

ஃப்ளாப்பில் ஜாக்கி, 7, 2. மூன்றும் வேறு வேறு இனம். நல்ல ஃப்ளாப். ராணிக்கு மேல் எதுவும் இல்லை, வரிசை சேரவும் வழி குறைவு. எதிராளி தட்டிவிட, நம்ம ஆள் ₹65 வைக்கிறார். எதிராளி அதை ₹200 ஆக்குகிறார்.

இங்கேதான் புதியவர் இரண்டு தவறில் ஒன்றைச் செய்வார். பயந்து ஒதுங்குவது ஒன்று. ‘என்கிட்டயேவா?’ என்று கோபத்தில் மொத்தத்தையும் தள்ளுவது இன்னொன்று. இரண்டாவது வீரமாகத் தெரியும். ஆனால் அப்போது வெறுங்கையோடு பூச்சி காட்டியவர் ஓடிவிடுவார், மூன்று ஏழோ மூன்று ஜாக்கியோ வைத்திருப்பவர் மட்டும் சந்தோஷமாக நிற்பார். தோற்கும் இடத்தில் பெரிசாகத் தோற்று, ஜெயிக்கும் இடத்தில் சின்னதாக ஜெயிக்கும் வழி அது.

பழகியவர் சத்தமில்லாமல் ஈடுகட்டுவார். எதிராளி பொய்யாக அடிக்கிறார் என்றால் அந்தப் பொய்யைத் தொடரவிடுவதுதான் லாபம். நடுப்பணம் ₹595 ஆகிறது. டர்னில் 4. எதிராளி ₹300 வைக்க, மறுபடியும் ஈடுகட்டல். ₹1,195. ரிவரில் 9. எதிராளி மிச்சமுள்ள ₹410-ஐயும் தள்ளுகிறார். ஆல்-இன்.

இப்போது கேள்வி ‘நான் ஜெயிப்பேனா?’ அல்ல. ₹410 போட்டால் கிடைக்கக்கூடியது ₹1,605. இரண்டும் சேர்ந்தால் ₹2,015. அதில் ₹410 என்பது 20%-ஐ ஒட்டி வரும். அதாவது இதே இடத்தில் ஐந்து தடவை நின்று, எதிராளி ஒரு தடவை மட்டும் பொய் சொல்லியிருந்தாலே ஈடுகட்டியதில் ஏறக்குறைய நஷ்டமில்லை. அடித்து ஆடுபவர் ஐந்தில் ஒன்றுக்கு மேல் பொய் அடிப்பார் என்று பார்த்துப் பழகியிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

போட்டபின் நான்கு தடவை தோற்கலாம். கணக்கு அப்போதும் சரிதான். கணக்கு தெரிந்தவருக்கே வயிற்றைக் கலக்கும் இடம் இது. ₹1,000 போய் இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது.

எல்லா அடியும் ஒன்றல்ல

அடித்து ஆடுபவர்களில் இரண்டு ரகம். கண்மண் தெரியாமல் எல்லாக் கையிலும் ஏற்றுபவர் ஒரு ரகம். இவரிடம் ஜாக்கி ஜோடி, பத்து ஜோடிகூடப் பலமான கை. பொறுமையாக ஈடுகட்டிக்கொண்டே போனால் போதும். இன்னொரு ரகம், எங்கே அடிக்க வேண்டும் என்று தேர்ந்து அடிப்பவர். நடுவில் ஆஸ் விழுந்தால் அடிப்பார், ஏனென்றால் ராஜா ஜோடி வைத்திருப்பவருக்கு அங்கே கை நடுங்கும் என்று தெரியும்.

அந்த நடுக்கத்துக்குக் காரணம் உண்டு. ராஜா ஜோடி கையில் இருக்கும்போது ஃப்ளாப்பில் ஆஸ் விழ வாய்ப்பு 23%. ராணி ஜோடி என்றால், ஆஸோ ராஜாவோ விழ 41%. ஜாக்கி ஜோடிக்கு மேல் ஏதாவது ஒரு படமோ ஆஸோ விழ 57%. ஆக ஜாக்கி ஜோடி வைத்திருப்பவர் பாதிக்கு மேல் நேரம் சந்தேகத்தோடுதான் ஆட வேண்டும். ஜாக்கியை ஆஸ் மாதிரி நினைத்து ஆடுவதால் போகும் பணம் கொஞ்சநஞ்சமல்ல.

நடுச்சீட்டின் அமைப்பும் முக்கியம். மேலே சொன்ன ஜாக்கி, 7, 2 வறண்ட ஃப்ளாப். இதுவே 9, 8, 7, மூன்றும் ஹார்ட் என்று விழுந்தால் கறுப்பு ராணி ஜோடி பாதி செத்த மாதிரி. அங்கே எதிராளி பொய் சொல்ல அவசியமே இல்லை, நிஜமாகவே ஏதாவது சேர்ந்திருக்கும். அதேபோல, இரவெல்லாம் அமைதியாக ஈடுகட்டிக்கொண்டிருந்தவர் ரிவரில் திடீரென்று ஏற்றினால் நம்பிவிடுவது நல்லது. அடித்து ஆடுபவரைப் பிடிக்க உதவும் கணக்கு சாதுவான ஆளிடம் பலிக்காது.

என்ன செய்தாலும் தப்ப முடியாத கைகளும் உண்டு. ஆறு பேர் மேசையில் உங்களுக்கு ராஜா ஜோடி வரும்போது, வேறு ஒருவரிடம் ஆஸ் ஜோடி இருக்க வாய்ப்பு ஏறக்குறைய 40-ல் 1. அப்போது மொத்தமும் போகும். உலகின் எந்தப் பெரிய ஆட்டக்காரருக்கும் போகும்.

கேரம் பலகையும் போக்கர் மேசையும்

வடசென்னைக்குத் திறமை என்றால் என்னவென்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. சந்துக்குச் சந்து கேரம் பலகை கிடக்கும் ஊர் இது. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா இந்தப் பகுதிப் பெண்தான். அவரோடு ஒரு புதியவர் உட்கார்ந்தால் நூறு ஆட்டத்தில் நூறிலும் தோற்பார். திறமை முதல் ஆட்டத்திலேயே தெரிந்துவிடும்.

போக்கரில் அப்படித் தெரியாது. 80% பலத்தோடு ஆல்-இன் போனாலும் ஐந்தில் ஒன்று தோற்கும். அப்படி ஐந்து தடவை போனால், குறைந்தது ஒரு தடவையாவது தோற்க வாய்ப்பு 67%. தொடர்ந்து மூன்று தடவை தோற்பதும் 125-ல் ஒன்று. கேட்க அபூர்வமாக இருக்கும். தினமும் ஆடுபவருக்கு அது வந்தே தீரும்.

நிஜமாகவே கெட்டிக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 100 கைக்குச் சராசரியாக 5 பெரிய பிளைண்ட் லாபம் பார்ப்பவர், ஏற்ற இறக்கம் 90 பிளைண்ட் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 10,000 கை ஆடிய பிறகும் அவர் நஷ்டத்தில் நிற்க வாய்ப்பு பத்தில் மூன்று. ஒரு லட்சம் கை ஆடினால்தான் அது 4% அளவுக்கு இறங்கும். ஒரு மேசையில் மணிக்கு 70 கை என்றால் 10,000 கைக்கு 140 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்துக்கும் மேல்.

கணினி உலகமும் இதையே சொல்கிறது. 2017-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘லிப்ராட்டஸ்’ என்ற செயற்கை நுண்ணறிவு நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. அதை நிரூபிக்க 20 நாளில் 1,20,000 கைகள் ஆட வேண்டியிருந்தது. 2019-ல் அதே பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து உருவாக்கிய ‘புளூரிபஸ்’ ஆறு பேர் மேசையில் ஜெயித்தபோது, முடிவிலிருந்து அதிர்ஷ்டத்தின் பங்கைக் கழிக்கத் தனியாக ஒரு கணித முறையே பயன்படுத்தினார்கள். திறமை இருந்தது. அதைப் பார்ப்பதற்கு அவ்வளவு பெரிய பூதக்கண்ணாடி தேவைப்பட்டது.

மாதச் சம்பளக்காரரிடம் அந்தக் கண்ணாடி இல்லை. ஜெயித்த வாரம் தன்னைக் கெட்டிக்காரர் என்று நினைப்பார், தோற்ற வாரம் சீட்டைத் திட்டுவார். இரண்டில் எது உண்மை என்று அவர் கணக்கிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அதற்குள் கைப்பணம் தீர்ந்துவிடலாம்.

இதற்கு மேல் செலவுகள் வேறு. ஒவ்வொரு நடுப்பணத்திலும் செயலி ஒரு பங்கைக் கமிஷனாகப் பிடிக்கும். 2023 ஏப்ரல் முதல் நிகர வெற்றித் தொகையில் 30% வரிப் பிடித்தம் வந்தது. அதே ஆண்டு அக்டோபர் முதல் கட்டும் தொகைக்கே 28% ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. 100 கைக்கு 5 பிளைண்ட் என்ற மெல்லிய லாபம் இத்தனையையும் தாங்க வேண்டும்.

திறமை என்றது நீதிமன்றம், ஆபத்து என்றது அரசு

ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொன்னது. 1996-ல் தமிழ்நாடு குதிரைப் பந்தய வழக்கிலும் அதே அளவுகோல்: திறமை மேலோங்கி இருந்தால் சூதாட்டம் ஆகாது. போக்கரில் மட்டும் நீதிமன்றங்கள் ஒத்துப்போகவில்லை. குஜராத் உயர் நீதிமன்றம் 2017-ல் அதைச் சூதாட்டம் என்றது. நாகாலாந்தோ 2016-ல் சட்டம் போட்டுத் திறமை ஆட்டம் என்று பட்டியலில் சேர்த்தது.

தமிழ்நாட்டில் கதை நீளம். 2020 நவம்பரில் அவசரச் சட்டம், 2021-ல் சட்டம், அதே ஆண்டு ஆகஸ்ட் 3-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆன்லைன் விளையாட்டில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகள் தொடர்ந்து செய்தியான நேரம் அது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூனில் அறிக்கை தந்தது. அக்டோபரில் புது மசோதா. ஆளுநர் ஆர்.என்.ரவி அதை 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். பேரவை அதே மாதம் மறுபடி நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. ரம்மியும் போக்கரும் ‘அதிர்ஷ்ட விளையாட்டு’ என்று அந்தச் சட்டத்தின் அட்டவணை சொன்னது.

2023 நவம்பர் 9-ல் உயர் நீதிமன்றம் அந்த அட்டவணையை மட்டும் நீக்கிவிட்டு, சட்டம் செல்லும் என்றது. தடை செய்ய முடியாது, ஆனால் ஒழுங்குபடுத்தலாம். மேலே பார்த்த கணக்கோடு வைத்துப் பார்த்தால் இது நியாயமான தீர்ப்புதான். நீண்ட ஓட்டத்தில் போக்கர் திறமை என்பதும் உண்மை. ஓர் இரவில் ஒருவரைக் காலி செய்யும் என்பதும் உண்மை.

அடுத்து வந்தது 2025 பிப்ரவரி விதிகள். 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் அரை மணிக்கு ஒருமுறை திரையில் எச்சரிக்கை. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டத்துக்குள் நுழையவே முடியாது. நிறுவனங்கள் எதிர்த்துப் போயின. 2025 ஜூன் 3-ல் உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது.

நள்ளிரவுத் தடை திருவொற்றியூர், எண்ணூர், மணலி மாதிரியான ஷிஃப்ட் ஊர்களுக்கு மற்ற இடங்களைவிட அதிகம் பொருந்தும். இரண்டாம் ஷிஃப்ட் முடித்தவர் தூக்கம் பிடிக்காமல் புரளும் நேரம் அது. துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரியில் ஓட்டுநர் போனோடு தனியாக இருக்கும் நேரமும் அதுதான். அலுத்த மூளைக்கு 20% கணக்கு ஓடாது. ராணி ஜோடி தோற்றதும் அடுத்த கையில் எதை வைத்தாவது திருப்பி எடுக்கத் தோன்றும். ஆட்டக்காரர்கள் இதை ‘டில்ட்’ என்பார்கள். நம்ம ஊரில் விட்டதைப் பிடிக்கிறது. அடித்து ஆடுபவர் காத்திருப்பதே அந்த நிமிஷத்துக்காகத்தான்.

இப்போது நிலைமை என்ன?

2025 ஆகஸ்ட் 20-ல் மக்களவை, 21-ல் மாநிலங்களவை, 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் என்று மூன்றே நாளில் மத்தியச் சட்டம் வந்துவிட்டது. திறமையா அதிர்ஷ்டமா என்ற விவாதத்துக்குள்ளேயே அது போகவில்லை. பணம் கட்டி, பணம் எதிர்பார்த்து ஆடும் எந்த ஆன்லைன் விளையாட்டும் தடை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ₹1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு, ₹50 லட்சம் வரை. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. பெரிய இந்தியச் செயலிகள் உடனே பண ஆட்டத்தை நிறுத்தின. எதிர்த்துப் பல உயர் நீதிமன்றங்களில் போட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் தன்னிடம் மாற்றிக்கொண்டது. பணம் இல்லாமல், வெறும் புள்ளிகளுக்கு ஆடும் போக்கருக்குத் தடை இல்லை.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் வேறு. வெளிநாட்டுத் தளங்களும், வாட்ஸ்அப், டெலிகிராம் குழு வழியாக ஏஜென்ட் யுபிஐ-யில் பணம் வாங்கி சிப் ஏற்றித் தரும் ‘கிளப்’ ஆட்டங்களும்தான் அது. இந்தச் சட்டத்தின்படி அவையும் தடைதான். அங்கே ஆதார் சரிபார்ப்பும் இல்லை, நள்ளிரவுத் தடையும் இல்லை. ஜெயித்த பணத்தைத் தராவிட்டால் கேட்க ஆளும் இல்லை. மேசையில் அடித்து ஆடும் அந்த ஆள் ஒருவர்தானா, இரண்டு பேர் போனில் சீட்டைச் சொல்லிக்கொண்டு ஆடுகிறார்களா, அல்லது ஆளே இல்லாமல் மென்பொருள் ஆடுகிறதா என்று கண்டுபிடிக்க வழியும் கிடையாது. அந்த மேசையில் 85% என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

இப்படிப் பணம் பறிபோனால் இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ உடனே அழைக்கலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கிப் பிடிக்க வாய்ப்பு அதிகம். ஆட்டத்தை நிறுத்த முடியவில்லை, கடன் அழுத்துகிறது, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் டெலி மனஸ் 14416, தமிழக அரசின் 104 ஆகிய எண்களில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.